முப்பது வருட அனுபவமும் மருமகள் அள்ளிய மண்ணும்

கேள்வி:

கோத்தகிரி பக்கம் மூன்று ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். வயது 58. அப்பா காலத்தில் உருளைக்கிழங்கு போட்ட நிலம். நான் தலையெடுத்த பிறகு தேயிலைக்கு மாறினோம். முப்பது வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று நான்கு வருடமாகப் பச்சைத் தேயிலை வரத்து குறைந்துகொண்டே போகிறது. யூரியாவைக் கூட்டிப் பார்த்தும் பெரிய மாற்றம் இல்லை. கீழ் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் தெரிகிறது.

மகனுக்குப் போன வருடம் கல்யாணம் ஆனது. மருமகள் ஈரோட்டுப் பக்கம், தோட்டக்கலை படித்தவள். போன மாதம் கொழுந்து பறிக்கும் ஆட்கள் முன்னால், "மாமா, இது யூரியா பத்தாம வர்ற மஞ்சள் இல்ல. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாக்கலாம்" என்று சொல்லி ஒரு பையில் மண்ணை அள்ளினாள். எனக்குச் சுருக்கென்றது. "இந்த மண்ணுலேயே பொறந்து வளந்தவன் நான், நேத்து வந்தவ எனக்குச் சொல்லித் தர்றியா" என்று சத்தம் போட்டு, பையைப் பிடுங்கிக் கொட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவள் தோட்டத்துப் பக்கம் வருவதில்லை. வீட்டில் மரியாதையாகத்தான் இருக்கிறாள். மகன்தான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். யூரியாவை இன்னும் கூட்டலாமா? இந்த வயதில் மருமகளிடம் கேட்டு நடந்தால் ஊரில் என் மரியாதை என்ன ஆகும்?

(பெயர் வெளியிட வேண்டாம், கோத்தகிரி வட்டம்)

பதில்:

அன்புள்ள ஐயா,

நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். "பையைப் பிடுங்கிக் கொட்டிவிட்டேன்" என்பதை எழுதாமலே விட்டிருக்கலாம், நீங்கள் விடவில்லை. அந்த நேர்மை இருக்கும்போது மற்றதெல்லாம் சரிசெய்யக் கூடியதுதான்.

முதலில் யூரியா. மண்ணைப் பரிசோதிக்காமல் கூட்டலாம் என்றோ குறைக்கலாம் என்றோ என்னால் சொல்ல முடியாது. நீங்கள் நேரில் வந்து என்னிடம் கேட்டிருந்தாலும், "மண்ணு எடுத்துட்டு வந்தீங்களா?" என்பதுதான் என் முதல் கேள்வியாக இருந்திருக்கும். உங்கள் மருமகள் செய்ததும் அதுதான். முடிவு வரும்வரை யூரியாவை நிறுத்தி வையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். தேயிலைக்கு அமில மண்தான் பிடிக்கும். அமிலத்தை அளக்கும் பி.எச். எண் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது, எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். யூரியா, அமோனியம் சல்பேட் மாதிரியான தழைச்சத்து உரங்களை வருடக்கணக்கில் போட்டுக்கொண்டே வந்தால் அமிலத்தன்மை மெல்ல மெல்லக் கூடும். அளவுக்கு மேல் போய்விட்டால் மண்ணில் சத்து இருந்தும் வேர் அதை எடுக்கத் திணறும். சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் மழையில் கரைந்து போயிருக்கும். தழைச்சத்துக் குறை என்றால் செடி மொத்தமாக வெளிறும். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளம், அதாவது முற்றிய இலையில் நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் மஞ்சள் ஓடுவது, பெரும்பாலும் மெக்னீசியம் குறையும்போது வருவது. பொட்டாஷ் அளவு மீறிப் போனாலும் மெக்னீசியத்தைச் செடி சரியாக எடுக்காது. கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் "யூரியா பத்தாம வர்ற மஞ்சள் இல்ல" என்று அந்தப் பெண் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அமிலம் கூடிப்போனதுதான் காரணம் என்றால், நீங்கள் கூட்டிய ஒவ்வொரு மூட்டையும் அதை இன்னும் கூட்டித்தான் விட்டிருக்கும்.

அடுத்தது மரியாதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தக் கடிதம் உங்களுடையது மட்டும் இல்லை. குன்னூர், கோத்தகிரி, குந்தா என்று எந்தப் பக்கம் போனாலும் படித்துவிட்டு வந்த பிள்ளை ஒரு பக்கமும் தோட்டத்தில் உழைத்த பெரியவர் ஒரு பக்கமுமாக, ஒரே வீட்டுக்குள் பேசிக்கொள்ளாமல் இருக்கிறார்கள். நடுவில் தோட்டம் வீணாகிறது.

முப்பது வருட அனுபவம் என்கிறீர்கள். அது பெரிய சொத்து, யாராலும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அது எதில் கிடைத்த அனுபவம் என்று ஒரு முறை யோசியுங்கள். கொழுந்து பறிப்பதை எடுத்துக்கொண்டால், இந்த முப்பது வருடத்தில் நூற்றுக்கணக்கான சுற்று பார்த்திருப்பீர்கள். ஒரு சுற்றில் தவறு நடந்தால் அடுத்த சுற்றிலேயே தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். அதில் உங்களை மிஞ்ச ஆள் இருக்காது. கவாத்து அப்படி இல்லை. நம் மலையில் நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை வெட்டுகிறோம். அப்படிப் பார்த்தால் முப்பது வருடத்தில் ஒரு செடியை ஆறேழு முறைதான் கவாத்து செய்திருப்பீர்கள். மண்ணின் அமிலம் அதைவிட மெதுவானது. பத்து வருடம் முன்னால் போட்ட உரத்தின் விளைவு இன்றைக்கு இலையில் தெரியும்போது, போன வருட மழையையோ வெயிலையோதான் நாம் காரணமாகச் சொல்வோம். கண்ணுக்குத் தெரியாததும் வருடக்கணக்கில் நகர்வதுமான ஒன்றில், எத்தனை வருடம் தோட்டத்தில் நின்றாலும் அனுபவம் சேராது. அது உங்கள் குறை இல்லை, தேயிலையின் குணம். அங்கேதான் அளந்து பார்த்துச் சொல்கிற ஒருவர் தேவைப்படுகிறார். அவர் வயதில் இளையவரா, பெண்ணா, வெளியூரா என்பதற்கும் அளவு காட்டும் எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் அப்பா உருளைக்கிழங்கு போட்டவர் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நீலகிரியில் உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது 1961-ல். செடி குன்றிப்போகும், மஞ்சளாகும், கிழங்கு சிறுக்கும். வேரைப் பிடுங்கி உற்றுப் பார்த்தால் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக உருண்டைகள் ஒட்டியிருக்கும். என்ன பார்க்க வேண்டும் என்று ஒருவர் காட்டிக்கொடுக்கும்வரை அது யார் கண்ணிலும் படாது. அந்தக் கூட்டுக்குள் முட்டைகள் பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். தலைமுறையாகக் கிழங்கு போட்ட அனுபவத்தால் மட்டும் இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியாது. ஊட்டி பக்கத்து முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1985-ல் வெளியான குஃப்ரி ஸ்வர்ணா ரகத்துக்கு இந்தப் புழுவைத் தாங்கும் திறன் உண்டு. அதை நட்ட விவசாயிகள் வெளியிலிருந்து வந்த யாரோ சொன்னதை நம்பித்தான் முதல் முறை நட்டார்கள்.

தேயிலையிலும் அதே கதைதான். மழை பிடித்து, வெயில் முகமே காட்டாமல் நாலு நாள் போனால், "கொப்புளம் வரப்போகுது, மருந்து அடிக்கணும்" என்று இன்றைக்கு நம் ஊரில் படிக்காத பெரியவரும் சொல்லிவிடுவார். பாட்டன் காலத்து அறிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இளம் இலையில் கொப்புளம் கொப்புளமாக வரும் இந்தப் பூஞ்சை நோய் தென்னிந்தியத் தோட்டங்களுக்கு வந்ததே 1946-ல்தான். அன்றைக்குக் கங்காணிக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது. தாமிர மருந்தை எப்படிக் கலப்பது, எத்தனை நாளைக்கு ஒரு தடவை அடிப்பது என்பதையெல்லாம் எல்லாரும் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். இன்று நீங்கள் அனுபவம் என்று சொல்வதில் பாதி, ஒரு காலத்தில் நேற்று வந்தவர் யாரோ சொன்னதுதான். அன்று காது கொடுத்துக் கேட்ட பெரியவர்களால்தான் அது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

உங்களுக்குச் சுருக்கென்றது ஏன் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆட்கள் முன்னால் சொன்னது வலித்திருக்கிறது. அது நியாயமான வலிதான். "ஆளுங்க முன்னால வேண்டாம்மா, வீட்டுக்கு வந்து சொல்லு" என்று கேட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, அந்தப் பெண்ணும் அதைப் புரிந்துகொள்வாள். ஆனால் சொன்ன இடம் தவறு என்பதற்காகச் சொன்ன விஷயத்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டீர்கள். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

அவள் பக்கத்தையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஈரோட்டு வெயிலில் வளர்ந்த பெண், குளிரும் மேடும் பள்ளமும் புதிய சொந்தங்களுமான ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவள் படித்த படிப்புக்கு உங்கள் வீட்டில் வேலை இருந்த ஒரே இடம் அந்தத் தோட்டம். அதிலிருந்தும் விலகிக்கொண்டாள். வீட்டில் மரியாதையாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் கவலையாகத்தான் இருந்தது. மரியாதையாக மட்டும் இருக்கிறவர்கள் நமக்கு எதையும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். நாளைக்குத் தோட்டத்தில் இதைவிடப் பெரிய கேடு கண்ணில் பட்டாலும், "நமக்கெதுக்கு" என்று போய்விடுவாள்.

ஊர் என்ன சொல்லும் என்று கேட்கிறீர்கள். அன்று அங்கே பறித்துக்கொண்டிருந்தவர்கள் சாயங்காலமே ஊரில் சொல்லியிருப்பார்கள் ஐயா. மருமகள் மண் எடுத்தாள், மாமனார் பிடுங்கிக் கொட்டினார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதையாகியிருக்கும். நீங்கள் இனி அவளை அழைத்துப் போனால் நாலு பேர் சிரிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அழைக்காமல் விட்டால் அந்தப் பழைய கதைதான் நிற்கும்.

அதனால் நான் சொல்வது இது. அடுத்த பறிப்பு நாளில், அதே ஆட்கள் இருக்கும்போது அவளைத் தோட்டத்துக்குக் கூப்பிடுங்கள். "அன்னிக்கு நான் கத்தினது தப்பும்மா. மண்ணு எடுக்கலாம் வா, எங்கெங்க எடுக்கணும்னு நான் காட்டுறேன்" என்று சொல்லுங்கள். நம் வீடுகளில் மாமனார்கள் இப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. மகனை விட்டுச் சொல்லச் சொல்வது, காபி கேட்கும் சாக்கில் சமாதானமாவது, இதெல்லாம்தான் வழக்கம். இந்த முறை அது போதாது. சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது, இதுவும் விழட்டும்.

"எங்கெங்க எடுக்கணும்னு நான் காட்டுறேன்" என்றது உபசாரத்துக்காக இல்லை. மண் மாதிரி சரியாக அமைய நீங்கள் கூட இருந்தே ஆக வேண்டும். மூன்று ஏக்கரும் ஒரே மண் கிடையாது. அப்பா கிழங்கு போட்டு வருடக்கணக்கில் உரமும் எருவும் கொட்டிய படிக்கட்டுப் பாத்தி எது, காடாகக் கிடந்து பிறகு சேர்த்த சரிவு எது, எருக்குழி முன்னால் எங்கே இருந்தது, மழைக்காலத்தில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், போன தடவை உர மூட்டையை எந்த இடத்தில் பிரித்தீர்கள், இதெல்லாம் எந்தப் பாடத்திலும் இல்லை. உங்கள் தலைக்குள்தான் இருக்கிறது. இது தெரியாமல் ஓர் இடத்தில் மட்டும் அள்ளிக் கொடுத்தால் பரிசோதனை முடிவு தப்பாகத்தான் வரும். அன்று அவள் அள்ளிய மண்ணும் எந்த இடத்தில் அள்ளியதோ, எனக்குத் தெரியாது. நீங்கள் கொட்டாமல், "இங்க எடுக்காதம்மா, இது பழைய எருக்குழி" என்று சொல்லியிருந்தால், அந்த நிமிடமே இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டிருப்பீர்கள்.

எடுக்கும் முறையை அவள் சொல்வாள், நானும் எழுதிவிடுகிறேன். கடைசியாக உரம் போட்டு இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, முக்கால் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கச் சுவரில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவுங்கள். ஒவ்வொரு பாத்திக்கும் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடத்திலாவது எடுங்கள். நிழல் மரத்தடி, பாதை ஓரம், வாய்க்கால் ஓரம் வேண்டாம். ஒவ்வொரு பாத்தி மண்ணையும் தனித்தனியாக நன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறைத்து, நிழலில் உலர்த்துங்கள். உரச் சாக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் உரமே முடிவைக் கெடுத்துவிடும். புதுப் பை போதும்.

பறிக்கும் அம்மாக்களையும் கேளுங்கள். எந்த வரிசையில் மஞ்சள் முதலில் வந்தது, எந்தப் பக்கம் துளிர் வரத் தாமதமாகிறது என்று உங்கள் இருவரையும்விட அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும், அவர்கள் கை தினமும் செடி மேல்தான் இருக்கிறது. இத்தனை வருடத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் சொல்லியும் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மருமகள் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படித்தவர் சொன்னார் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் கற்றுக்கொள்வது நின்றுபோகும். "ஏம்மா அப்படி?" என்று கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. அவளுக்குத் தெரியாதவையும் நிறைய உண்டு. உறைபனியை அவள் புத்தகத்தில்தான் படித்திருப்பாள். டிசம்பர், ஜனவரி இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், அதனால் மேட்டில் இருக்கும் செடி தப்பி, ஐம்பதடி கீழே இருக்கும் கன்று கருகும் என்பதை உங்கள் தோட்டத்தில் எந்த வரிசை என்று விரல் நீட்டிக் காட்ட உங்களால்தான் முடியும். காட்டெருமை எந்த வழியாக இறங்கும், எந்தப் பக்கம் காற்று அடிக்கும் என்பதும் அப்படித்தான். பள்ளத்தில் புதுக் கன்று நடலாம் என்று நாளைக்கு அவள் சொன்னால், வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்போது அவள் கேட்டுக்கொள்வாளா என்பது, இன்றைக்கு நீங்கள் எப்படிக் கேட்டுக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கருத்து ஒத்துப்போகாத இடத்தில் பேச்சை வளர்க்க வேண்டாம், தோட்டத்தையே கேட்டுவிடுங்கள். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாத்தியை எடுத்துக்கொண்டு, ஒன்றில் உங்கள் வழக்கப்படி செய்யுங்கள், மற்றதில் பரிசோதனை முடிவு சொல்கிறபடி செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றும் இரண்டின் கொழுந்தையும் தனித்தனியாக எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். நோட்டு பொதுவாக இருக்கட்டும், ஒரு தடவை நீங்கள் எழுதினால் அடுத்த தடவை அவள் எழுதட்டும். ஆறு மாதத்தில் முடிவு கட்டிவிடாதீர்கள். நான் முன்னால் சொன்ன மாதிரி மண் மெதுவாகத்தான் மாறும், குறைந்தது இரண்டு வருடமாவது பார்க்க வேண்டும்.

பரிசோதனைக்குக் குன்னூரில் உபாசி (தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்கள் சங்கம்) நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள். அமிலம் கூடியிருக்கிறது என்று முடிவு வந்தால் டோலமைட், அதாவது சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் உள்ள கல்தூள், போட வேண்டியிருக்கும். அதைக் கவாத்து சமயத்தை ஒட்டிப் போடுவதுதான் வழக்கம். யூரியாவோடு சேர்த்துப் போடக் கூடாது, தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். எந்தப் பாத்திக்கு எவ்வளவு என்பதை முடிவைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். ஆகவே, எந்தப் பை எந்தப் பாத்தி என்ற விவரம், ஒவ்வொரு பாத்தியும் கடைசியாகக் கவாத்து ஆன வருடம், இதுவரை போட்ட உர அளவு எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த கடிதத்தில் மருமகளையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பதிலை உங்கள் இருவர் பெயருக்கும் அனுப்புகிறேன்.